மெய்ப்பில் தப்பிய வரி

அரசாங்க அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் புரூஃப் அக்காதான். அச்சுக்குப் போகும் தாள்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் விளங்காமல் போனதால் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். தலைமைத் திருத்துநரின் மேசை மாடியில் இருந்தது. அந்தப் பதவி காலியாகும்போதெல்லாம் அக்காவுக்குப் பின்னால் சேர்ந்த யாராவது படியேறிப் போனார்கள். "பாவம், அவங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்பார் மேலாளர். கெட்ட மனிதராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம், இவர் நல்லவர். அக்காவும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

திருத்துநர் வேலைக்கு வரும் எவருக்கும் முதல் பாடம், எழுத்தைப் பார், பொருளைப் பார்க்காதே என்பது. விஷயத்தில் மனம் போனால் கண் ஏமாந்துவிடும். கூட்டாளிப் பெண் எதிரில் உட்கார்ந்து மூலத்தை உரக்கப் படிக்க, அக்காவின் விரல் தாளில் நகர்ந்துகொண்டே போகும். பட்ஜெட்டோ மீன்பிடித் தடையோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஒரு நாள் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வரைவு வந்தது. "உடல் குறையைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. பணியிடம் ஒருவருக்கு எட்டாவிட்டால் பணியிடத்தையே மாற்றித்தர வேண்டும்" என்று கூட்டாளி ராகம் போட்டுக்கொண்டு போனாள். அக்காவின் விரல் நின்றுவிட்டது.

"என்னக்கா, தப்பா?"

"இல்லடி. நீ மேல படி."

சட்டம் நிறைவேறியது. மாடியில் மறுபடி இடம் காலி. ரேடியோவில் செய்தி கேட்ட மறுநாளே அக்கா மேலாளர் அறைக்குப் போய்ப் பதவியைக் கேட்டார்.

"சட்டம் சரிம்மா. மாடிக்கு எப்படி ஏறுவீங்க?"

"நான் ஏற வேண்டாம் சார். மேசை இறங்கட்டும்."

மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதே பத்தி. ஒரு வரி அடுத்தடுத்து இரண்டு முறை அச்சாகியிருந்தது.

"சபையில சிரிச்சிருக்காங்க. தலைமைத் திருத்துநரா வரப்போறவங்க கண்ணுல இது படலையா?"

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி நழுவியிருக்கலாம். அக்காவுக்கு அவமானத்தில் முகம் சுட்டது. பதவி கைநழுவிப் போய்விட்டது என்றே நினைத்தார்.

"மத்ததெல்லாம் பார்த்தேன் சார். அந்தப் பத்தியை மட்டும் படிச்சுட்டேன்."

மேலாளரும் ஒரு காலத்தில் புரூஃப் பார்த்தவர்தான். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பத்தியை அவரும் நிதானமாகப் படித்தார்.

"திங்கக்கிழமை மேசை கீழ வந்துடும்" என்றார். "ஆனா தப்பு தப்புதான். மெமோ கொடுத்தாகணும்."

"கொடுங்க சார்."

அந்த அச்சகத்தில் மெமோ வாங்காத ஆளே கிடையாது, அக்காவைத் தவிர. தாமதமாக வந்த நாளில்கூட அவருக்கு மட்டும் யாரும் கொடுத்ததில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், கூட்டாளியிடம் முதலில் காட்டியது மெமோவைத்தான். பதவி உயர்வைப் பற்றி அப்புறம்தான் சொன்னார்.