வருகிற ஃபைலையும் சோதிக்கச் சொன்னவன் நான்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டேன்; பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வருமானத்தில் தோப்பு வாங்கினேன், மாடி வீடு கட்டினேன். ஐம்பதுக்கு மேல் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து, உலகமே சேர்ந்து எழுதுகிற லினக்ஸின் அடிமடியான கெர்னலுக்குள்ளேயே கை வைத்தேன். இந்தப் பக்கத்தில் இன்னொருத்தனைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கனடாவில். பேச ஆளில்லாத பகலெல்லாம் கெர்னலின் பாதுகாப்புப் பகுதியைப் படிப்பேன். எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று பார்க்கிற காவல் அது.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது எல்லைச் செக்போஸ்டில் கவனித்தேன். உள்ளே வரும் லாரியைத் துருவிப் பார்த்தார்கள். வெளியே போகிறதற்குக் கையைக் காட்டினார்கள். அந்த நினைப்போடே வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், கெர்னலிலும் ஒரு பக்கச் சோதனைதான், திசை மட்டும் தலைகீழ். இரண்டு ஃபைல்களை ஒன்றின் இடத்துக்கு மற்றது போகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். போகிற ஃபைலை மட்டும் காவல் சோதித்தது. பதிலுக்கு வருகிறதைக் கேட்கவே இல்லை. பூட்டின ஃபைலை அப்படி மாற்றிப் பார்த்தேன். வெளியே வந்துவிட்டது! சத்தமாகச் சிரித்தேன். மாடி வரைக்கும் என் சிரிப்புத்தான் கேட்டது.

அடுத்தவன் வேலியில் ஓட்டை என்றால் எங்கள் பக்கத்தில் சந்தையில் வைத்துச் சொல்லமாட்டோம். தனியே கூப்பிட்டுச் சொல்வோம். அதனால் எல்லோரும் படிக்கிற மடல் குழுவை விட்டுவிட்டு, அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும், வருகிற ஃபைலையும் சோதிக்கிற திருத்தத்தை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு அதே திருத்தம் கெர்னலில் சேர்ந்தது, வேறொருத்தர் பேரில். நான் எழுதின வரிகள் அப்படியே இருந்தன.

மகளிடம் போனில் பொங்கினேன்.

"குழுவுக்கும் ஒரு காப்பி போட்டீங்களாப்பா? அதானே சாட்சி?"

"ஊரே கேக்கற மாதிரி எதுக்குச் சாமி? அந்த மனுசனுக்கு அசிங்கமில்லியா?"

"நல்லாப் பாத்தீங்க அவரு மானத்தை! செரி, விடுங்கப்பா. சாப்டீங்களா?"

"ஆச்சு" என்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

விடமாட்டேன். சேர்ந்துபோன திருத்தத்தின் குறிப்பில் இருக்கிற பேரை இனி மாற்ற முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இதைப் படிக்கிற நீங்கள் குழுவில் ஒரு மடல் போடலாமே? ஓட்டையைக் கண்டவனும் அடைத்தவனும் இவன்தான் என்று முழுப் பேரோடு எழுதுங்கள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இங்கே யாருமில்லை. நீங்களாவது எழுதித்தான் ஆகவேண்டும்.