நான் படிக்காத காகிதம்

பெரியவர் போய்விட்டார் என்று காலை ஆறு மணிக்கு ஆள் வந்து சொன்னபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஆணியில் தொங்கிய என் கோட்டுப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த காகிதத்தின் ஞாபகம்தான் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார் அவர். சுதந்திரப் போராட்டத்தில் மூன்று தரம் சிறைக்குப் போனவர். ஒரு பதவியும் வந்தது. வேண்டியவர்களுக்குச் சலுகை செய்யும்படி நெருக்கினார்கள் என்று அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் தம்பிக்கு ஒரு வரி சிபாரிசு கேட்டுப் போனேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. எழுத ஆள் வேண்டும் என்றார்கள். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போனேன். கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். சாயங்காலம் வந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். முடித்ததும் "படியும்" என்பார். படிப்பேன். "இன்னொரு தரம் படியும்" என்பார். முதல் தடவை பிழை இருக்கிறதா என்று கேட்பார், இரண்டாம் தடவை பொய் இருக்கிறதா என்று கேட்பார். அப்படித்தான் எனக்குத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டித் தாராவிக்கு நடப்பார். தெருக்குழாய் வேண்டும், சாக்கடை மூட வேண்டும் என்று அங்கே நாலைந்து மனுக்கள் காத்திருக்கும். அவற்றை ஓர் இட்லிக் கடையில் உட்கார்ந்துதான் வாங்குவார். கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஓர் அடுப்பு, ஒரு பெஞ்சு. நடத்தியவள் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள், கணவனை இழந்தவள். தோல் கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு விடிந்ததும் அவள் இட்லிதான். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். ரேஷனில் கிடைத்த கோதுமையை வடக்கத்திக் குடும்பங்களிடம் கொடுத்து, அவர்கள் அரிசியை வாங்கி அரைத்துக்கொண்டிருந்தாள். அது சட்டப்படி சரியா என்று பெரியவர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட விஷயம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அதற்கு முந்தின வாரம் வேறொரு தலைவர் காலமாகி, கடையடைப்பு நடந்திருந்தது. ஆட்கள் வந்து அவள் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்களாம். வெயில் நாள். இரண்டு நாளைக்கு என்று அரைத்த மாவு பொங்கிப் புளித்து, கடைசியில் சாக்கடைக்குப் போயிற்றாம். அத்தனை வீட்டில் கெஞ்சிச் சேர்த்த அரிசி என்றாள். அன்று சாயங்காலம் பெரியவர் என்னை எழுதச் சொன்னார்.

மூன்றே வரி. நான் இறந்தால் கடைகளை மூடச் சொல்ல வேண்டாம். ஊர்வலம் வேண்டாம். என் பொருட்டு ஓர் அடுப்பும் அணையக் கூடாது.

இரண்டு தரம் படித்தேன். அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தின் அடியில் வைத்தேன். கையெழுத்து சரிந்துகொண்டே போய் ஓரத்தில் முட்டி நின்றது. "நான் கண்ணை மூடின அன்னிக்கே, பத்துப் பேர் நடுவிலே இதைப் படிச்சுடும்" என்றார். சரி என்றேன்.

அவர் போன அன்று அந்தப் பத்துப் பேரும் மாடிப்படி அடியில் இருந்தார்கள். நான் போகும்போதே பேச்சு நடந்துகொண்டிருந்தது. முன்னே போன அந்தத் தலைவருக்குக் கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருவில் பூக்கடை உட்பட ஒன்று பாக்கியில்லாமல் அடைத்திருந்தார்கள். அதில் எங்களுக்கெல்லாம் உள்ளூர ஒரு புகைச்சல். "அவருக்கு அடைச்ச கடையை நம்ம பெரியவருக்கு அடைக்கலேன்னா, நமக்குத்தானே மானக்கேடு" என்றார் ஒருவர்.

என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. விரலில் காகிதத்தின் மடிப்பு பட்டது. அதை எடுத்திருந்தால் அவ்வளவு பேரும் வாயை மூடியிருப்பார்கள். நான் எடுக்கவில்லை. எனக்கும் அந்த ஊர்வலம் வேண்டியிருந்தது. ஊரே ஸ்தம்பித்து நிற்க வேண்டும், அதற்கு நடுவில் அவருக்கு எழுதிக்கொடுத்தவன் என்று நான் நடந்து போக வேண்டும். யாரும் என்னை அனுப்பவில்லை. தாராவிப் பக்கம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

இட்லிப் பானையில் ஆவி வந்துகொண்டிருந்தது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடையை மூட வேண்டும் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுப்பை அணைக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்னு அய்யா எங்கிட்டச் சொன்னாவளே. நீங்கதானே தம்பி அவுகளுக்கு எழுதுத ஆளு?"

எனக்கு ஜுரம் வந்து படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரையோ பிடித்துக்கொண்டு போய் அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. வாய் முந்திக்கொண்டது. "அப்படி ஒண்ணும் எழுதலையே, அம்மா" என்றேன்.

"அப்போ அய்யாவும் சும்மாதான் சொல்லியிருக்காவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, குடத்துத் தண்ணீரைத் தானே அடுப்பில் ஊற்றினாள்.

ஊர்வலம் பிரமாதமாக நடந்தது. நான் பாடையின் பக்கத்தில்கூடப் போகவில்லை, கடைசியில் நடந்தேன். எனக்கு முன்னால் போனவர்கள், ஆயுசில் ஒரு பொய் சொல்லாத மனுஷர் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. ஒரு கடிதத்தை எழுதி முடித்து நிமிர்ந்தால் "படியும்" என்று காதருகில் கேட்கும். படித்தால் "இன்னொரு தரம்" என்று கேட்கும். வீட்டில் இட்லிக்கு மாவு கரைத்து வைத்தால் அந்த வாசனைக்கு எழுந்து வெளியே போய்விடுவேன். என் மனைவி வைத்தியரிடம் காட்டலாம் என்றாள். பேய் பிடித்திருந்தால் மந்திரித்து ஓட்டலாம். நான் போய்ச் சொல்ல வேண்டியதை எந்த வைத்தியர் சொல்வார்?

பதின்மூன்றாம் நாள் காலையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெஞ்சு காலியாகும் வரை நின்றேன். பிறகு சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் எழுதச் சொன்னது நிஜம், நான்தான் உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். கேட்காமலே இரண்டாம் தரமும் படித்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள். "இது உங்க கையெழுத்துதானே, தம்பி?" என்றாள்.

ஆமாம், அவர் சொல்லி நான் எழுதியது, அடியில் இருப்பதுதான் அவர் கையெழுத்து என்று, சரிந்து போகும் அந்தக் கோட்டைக் காட்டினேன். அதையும் பார்த்தாள். பிறகு அழுக்குப் படாமல் பதனமாக மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"உங்களுக்கு நல்ல மனசு" என்றாள். "அய்யா பேரு கெட்டுரக் கூடாதுன்னு, மெனக்கெட்டு இப்ப உக்காந்து எழுதிட்டு வந்திருக்கிய."

அலுமினியத் தட்டில் இரண்டு இட்லி வைத்து நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன்.