பின் ஸீட்டில் உட்கார்ந்தவன்

முதலில் தொம் தொம்மென்று, தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் நாற்றம் வரும். ஆம்பூரில் எங்கள் தோல் ஷாப்பு கண்ணில் படுவது கடைசியில்தான். அங்கே தொட்டியில் நின்று விடிய விடியத் தோல் புரட்டுவது என் உத்தியோகம். பகலில் தூங்கி, உலக நடப்பைப் பிறர் வாயால் தெரிந்துகொள்ளும் என் இனத்தாரே, என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

இரண்டு ஸீட் எதற்கு?

பழைய பேப்பர்களை எழுத்துக்கூட்டியே இங்கிலீஷ் கற்றவன் நான். கப்பல் தட்டிலிருந்து கிளம்பிச் சண்டை போட்டு, அதன் மேலேயே வந்திறங்கும் விமானமென்றால் எனக்குப் பைத்தியம். ஒற்றை ஆளால் சண்டையும் போட்டு, நடுக்கடலில் கப்பலையும் தேட முடியவில்லை; அதனால் முதுகுப் பக்கம் இன்னொரு ஸீட் வைத்தார்கள். அதில் இருப்பவன் வழி பார்ப்பான், கம்பியில்லாத் தந்தி அடிப்பான், பின்னால் வருகிறவனைச் சுடுவான். பக்கத்துத் தொட்டி முனுசாமிக்கு இதை விளக்கினேன்.

"அவன் பாடும் நம்ம பாடுதாண்ணே. மூஞ்சி தெரியாம பின்னால குந்திகினு வேலை செய்யணும்."

தேவசகாயம் உட்கார்ந்தான்

எங்கள் ஷாப்பிலிருந்து திரிகோணமலைத் துறைமுகத்துக்குத் தோல் தைக்கப் போன தேவசகாயம் லீவில் வந்தான். விமானக் கப்பல் ஒன்று வந்ததாம். ஸீட்டுக் கிழிசலைத் தைக்க இவனை ஏற்றினார்களாம். இறக்கையை மடித்து நிறுத்தியிருந்த விமானத்தில், பின் ஸீட்டில் உட்கார்ந்தே தைத்தானாம். நான் வருஷக்கணக்காகப் படித்த ஸீட்டு! "தந்திப் பெட்டி எந்தப் பக்கம்டா இருந்தது?" என்றேன்.

"பெட்டியா? நான் இன்னாத்த கண்டேன்! குஷன் மெத்துனு இருந்துச்சிண்ணே, கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

கிழிசல் துண்டு

அந்த ஸீட்டில் வெட்டியெடுத்த தோல் துண்டைக் காட்டினான். அவ்வளவுதான், ஷாப்பே கூடி அதை முகர்ந்தது, மடித்தது, நுனியைக் கடித்தும் பார்த்தது. ஆவாரம்பட்டையில் பதமான நம்ம பக்கத்துத் தோல் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லையென்று ஒரு கட்சி. விமானத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. என் தொட்டியில் நான் புரட்டிய மாட்டின் தோலாகவே இருந்தால்? அதன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

"மாட்டுக்குக்கூட நேரம் வருது பார்ணே" என்றான் முனுசாமி.

கூட ஒரு ஆள்

துறைமுகத்தில் இன்னொரு ஆள் கேட்கிறார்கள், கூட்டிப் போகிறேன் என்றான் தேவசகாயம். எனக்கும் முனுசாமிக்கும் ஊசி பிடிக்கத் தெரியும். நான் வேட்டியைத் துவைத்துப் போட்டேன். பேப்பர் கட்டோடு போய், இறக்கை மடிப்பதிலிருந்து தந்தி வரைக்கும் தேவசகாயத்துக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டான். ரயிலடியில் பார்த்தால், மூட்டையோடு முனுசாமி நிற்கிறான்.

"கோச்சுக்காதண்ணே. உன்னை இட்டுகினு போனா, தைக்கிறத வுட்டுட்டு வேடிக்கை பார்த்துகினு நிப்பே" என்றான் தேவசகாயம்.

ஸீட்டின் சங்கதி தெரியாதவர்களுக்குத்தான் ஸீட்டு கிடைக்குமென்று மனசைத் தேற்றிக்கொண்டு, அன்று முனுசாமியின் தொட்டித் தோலையும் சேர்த்து நானே புரட்டத் தொடங்கினேன்.