ஞாயிற்றுக்கிழமை பார்த்த இடம்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தேன். தொழில் நன்றாக ஓடியது, தலைக்கனமும் கூடவே ஓடியது. கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து, குழந்தைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கட்ட முடிவு செய்தோம். இடம் பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு இடங்கள் வந்தன. ஒன்று பஸ் ஸ்டாப்பை ஒட்டியது. சுற்றிலும் தொழிலாளர்களின் லைன் வீடுகள், கார் திருப்பக்கூட முடியாது. இன்னொன்று பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஐந்து ஏக்கர், வேப்பமரம், நல்ல காற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் காரில் போய்ப் பார்த்தோம். எங்களுக்கு ஒழிகிற நாள் அது ஒன்றுதான். கம்பெனிகள் லீவு என்பதால் ரோட்டில் ஈ காக்கை இல்லை, பறந்து போய்விட்டோம். பெரிய இடம்தான் என்று காரிலேயே தீர்மானித்துவிட்டேன்.

கடைசிக் கூட்டத்தில், தொழிலாளர் தரப்பிலும் ஒரு வார்த்தை கேட்டதாக இருக்கட்டும் என்று, என் கம்பெனியில் செக்கிங் வேலை செய்த ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தேன். விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு வீசிங் உண்டு. அவர் எழுந்து நின்று, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"அங்கிட்டு பஸ்ஸு வராதே சார். மூச்சு வாங்குற புள்ளையத் தூக்கிக்கிட்டு எம்புட்டு தூரம் நடக்க?"

"ஆஸ்பத்திரி வந்துட்டா பஸ்ஸு தானா வந்துரும் அம்மிணி. நீ உக்காரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். தொழிலாளர்களும் சம்மதித்ததாகக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னதும் நான்தான்.

ஆஸ்பத்திரி வந்தது. பஸ் வரவில்லை.

திறந்து சில மாதங்கள் கழித்து, சித்திரை வெயிலில், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவருக்கு ஆஸ்பத்திரியைக் காட்டிப் பெருமையடிக்கக் கூட்டிப் போனேன். வழியில் ஒரு பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். கிட்டே போனதும் அடையாளம் தெரிந்தது. அவரேதான். காரில் ஏற்றினேன். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது.

ஏன் ஆட்டோ பிடிக்கவில்லை என்று கேட்டேன். திரும்பி வர சவாரி கிடைக்காதென்று யாரும் வர மாட்டேன் என்கிறார்களாம். காலையிலேயே கிளம்பியிருக்கலாமே என்றேன். பர்மிஷன் கேட்டாராம், ஷிப்மென்ட் அவசரம் என்று சூப்பர்வைசர் மதியம்வரை விடவில்லையாம். அந்த ஷிப்மென்ட் முடியும்வரை யாருக்கும் பர்மிஷன் கொடுக்கக்கூடாது என்று முந்தைய நாள் கத்தியது நான்.

உள்ளே கொண்டுபோனதும் மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று டாக்டர் சத்தம் போட்டார். என்னை அல்ல, அந்தத் தாயை. அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். விருந்தாளி இருக்கிறாரே என்று பேசாமல் இருந்தேன்.

குழந்தைக்கு மூச்சு சீரானதும் அவர் வெளியே வந்து என்னைக் கும்பிட்டார்.

"நல்ல வேளை சார், நீங்க இந்தப் பக்கமா வந்தீங்க."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மறுவாரமே மெயின் ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி வேன் ஒன்றை ஓடவிட்டேன். அதற்காக எனக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கமில்லாமல் அதையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போன அந்தத் தாய் திரும்பி வரவில்லை. அன்று அவர் கும்பிட்டபோது, நான் கும்பிட வேண்டிய இடத்தில் வெறுமனே தலையாட்டிக்கொண்டு நின்றேனே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.