நூற்றாண்டு டம்ளர்

எங்கள் ஊருக்கு நூறு வயது என்று விழா எடுத்து, வீட்டுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அதில் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று பொறித்திருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றி வாயருகே கொண்டுபோனதும் சாணி வாடை அடித்தது; குடிக்காமல் கீழே வைத்தேன்.

சின்ன வயதில், பாகூர் ஏரிக்குக் கீழே நடவுக்குப் போகும் அம்மாவோடு நானும் போவேன். தாகமென்றால், பண்ணைவீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும் கொட்டாங்குச்சியை நாங்களே எடுத்து நீட்ட வேண்டும். அது சாணி நாறும். “தள்ளிப் புடி, செம்புல பட்டுடப் போவுது” என்றபடி பண்ணைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார். இன்று டம்ளர் கொடுத்தது அவர் மகன்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

“இன்னாடி எழுதியிருக்கு அதுல?” என்றாள் அம்மா. படித்துக் காட்டினேன்.

“மாட்டுக் கொட்டாய் கூரையில சொருவி வை” என்றாள்.