பண்டாரவளைக்குத்தான் போறேன்

இந்திரஜித் வெளிநாடு போகப்போவது நமுனுகுல தேயிலைத் தோட்டத்து மேல்லயத்தில் யாருக்கும் தெரியாது. அதாவது எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் அவனுடைய அண்ணன் கஜேந்திரன். எட்டு வருசத்துக்கு முன்னால் அந்த மனுசன் கனடா போகிறேன் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி, முனியாண்டிக்குக் கிடா வெட்டி, கழுத்தில் மாலையும் போட்டுக்கொண்டார். விசா கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் கனடா கஜேந்திரன். பாவம், அவர் வளர்க்கிற நாய்கூட கனடா நாய்தான்.

இந்திரஜித்துக்கு வயது முப்பத்தெட்டு. பண்டாரவளையில் றுஷ்தியின் கராஜில் டீசல் மெக்கானிக். பஸ் மலையேறும் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவான். இரண்டு வருசமாகப் போனில் விசா விவரங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தான். கனடாவில் வயது ஏற ஏறப் புள்ளி குறைகிறது. வளைகுடாவில் முப்பது வருசம் உழைத்தாலும் கடைசியில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நியூசிலாந்தில் ஒரு கராஜ்காரர் வீடியோவில் பேசி, ஒரு இஞ்சினை ஓடவிட்டு, என்ன பிழை என்று கேட்டார். இவன் சொன்னான், வேலை கிடைத்தது. முதலில் வேலை விசா. எல்லாம் சரியாக நடந்தால் பிறகு நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மனைவி ஜீவராணியையும் மகள் மேனுஷாவையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். லயத்துக் காம்பராவைத் தவிர வேறு வீடு பார்க்காத ஜீவராணிக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் மனதில் நின்றது.

வேலை அனுபவத்துக்கு றுஷ்தி கடிதம் கொடுத்தார். ஜீவராணியோ கண் பட்டுவிடும், பிளேன் ஏறும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அதனால் கராஜில் எல்லாரிடமும் இந்திரஜித் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: யார் விசாரித்தாலும் ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த றுஷ்தியின் உம்மா ரஹ்மத்தும்மா மட்டும் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். இந்திரஜித் பெரகலயில் நின்றுபோன ஒரு லொறிக்கடியில் கிடந்தான். கராஜ் போன் அடித்தது. ஒரு பெண் குரல், தமிழ்தான்: இந்திரஜித் அங்கே வேலை செய்கிறாரா, எத்தனை வருசமாக? தோட்டத்திலிருந்து எவளோ வேவு பார்க்கிறாள் என்று உம்மாவுக்குப் பட்டுவிட்டது. அப்படி ஒருவரைத் தெரியவே தெரியாது என்றார். போதாக்குறைக்கு, இது கராஜும் இல்லை, வீடு என்றும் சொல்லி வைத்தார்.

பேசியவள் விசா அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர்.

ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. கராஜ் எண்ணுக்கு அழைத்தால் அப்படி ஒருவரைத் தெரியாது என்கிறார்கள், அனுபவக் கடிதம் பொய்யோ என்று சந்தேகமாம். பதினான்கு நாளில் விளக்கம் வேண்டுமாம். பொய்க் கடிதம் என்று ஒரு தடவை பதிந்துவிட்டால் அந்தக் கறை இலேசில் போகாது. முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்று அடுத்த நாட்டுக்காரனும் கேட்பான். உம்மா அன்று பகல் சோறு தொடவில்லை. அவரைக் கோபிக்கவும் இவனால் முடியவில்லை; சொல்லச் சொன்னதே இவன்தானே!

றுஷ்தி ஈபிஎஃப் பத்திரம், படங்கள், போனை எடுத்தது என் தாய் என்று ஒரு கடிதம், எல்லாம் அனுப்பினார். மறுபடி அழைப்பு வந்தது. அதே அம்மாவுடன்தான் பேச வேண்டும் என்றார்கள். கராஜ் முழுக்கச் சுற்றி நின்றது.

உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"மகள், அண்டைக்கு நான் பொய்தான் சொன்ன. கண்ணூறு படும் எண்ட பயத்துல சொன்ன. இந்தப் புள்ள பதினொரு வருசமா இங்கதான் வேல. இவர் போனா எங்கட கராஜ் நொண்டிப் போகும். எனக்கு லாபத்துக்குப் பொய் சொல்லணும் எண்டா, இப்பதானே சொல்லணும்?"

அந்தப் பக்கம் அவள் மொழிபெயர்ப்பதும், ஒரு ஆண் சிரிப்பதும் கேட்டன. மூன்று வாரத்தில் விசா வந்தது.

இனி இரகசியத்துக்கு அவசியமில்லை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். ஜீவராணி விடுவாளா? பெட்டி இரண்டு நாள் முந்தியே சிவஞானத்தின் மரக்கறி லொறியில் லீக்ஸ் கட்டுகளுக்கு அடியில் கொழும்புக்குப் போய்விட்டது. புறப்படுகிற காலையில் இந்திரஜித் தினமும் கொண்டுபோகும் ஸ்பானர் சாவிப் பையோடு பஸ்ஸுக்கு இறங்கினான். போய்ட்டு வா என்று ஒரு வாய் சொல்லாதா என்று அப்போது அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

பஸ் நிற்குமிடத்துக் கடையில் நாற்பது பேர் நின்றார்கள். எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க வந்தவர்களாம். கடையில் இருந்ததோ பன்னிரண்டு இறாத்தல் பாண்தான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேனுஷாவைத் தூக்கி வைத்திருந்த ஜீவராணி வேறெங்கோ பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

கஜேந்திரன் மட்டும் கிட்டே வந்தார்.

"எங்கடா போற?"

"பண்டாரவளைக்குத்தாண்ணே."

அண்ணன் கொஞ்ச நேரம் தம்பியின் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சரி. சாப்பாடு எடுத்து வைக்கிறோம், வந்துரு."

"வந்துர்றேண்ணே."

பஸ் வளைவில் திரும்பியதும் நாற்பது பேரும் பாண் வாங்காமலே லயத்துக்கு ஏறினார்கள்.