நாலு மணி ரிங் கட்

லாபிருக்கு வேலை, இல்லாத இறாலுக்குக் காவல் இருக்கிறது.

சிரிக்க வேணாம், உண்மையான வேலைதான். புத்தளத்துக் கரைத்தீவுக்கு அங்கால களப்போரமா ஆறு இறால் குளம். ரெண்டு வருசத்துக்கு முந்தி வெள்ளைப்புள்ளி வருத்தம் வந்து, ஒரே கிழமையில இறால் எல்லாம் செத்து மிதந்திட்டு. குளத்தக் காயவிட்டு, வேலையாக்கள வீட்டுக்கு அனுப்பிட்டு, முதலாளி கடைசியா லாபிரக் கூப்பிட்டார். முதலாளி மாரவிலப் பக்கம் சிங்கள ஆள். தமிழ் நல்லாக் கதைப்பார், ஆனா சொல்லுக்குச் சொல்லு வால்ல ஒரு 'ங்' கட்டித்தான் விடுவார்.

“லாபிர் நாநா, நீங்க இருந்தாப் போதுங். உள்ளுக்கு ஒண்டுங் இல்லதாங். ஆனா மோட்டர் களவு போகுங். கேட்டப் பூட்டி வைக்கோணுங்.”

அண்டையிலேருந்து லாபிர் இருக்கிறார். கம்பியால கால் கட்டின ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு தகரக் கொட்டில், ஆறு காஞ்ச குளம், நாலு கொக்கு. கொக்குகளும் மீன் இல்லாத இடத்தில ஏன் நிக்குதுகள் எண்டு தெரியாது. ஒருவேள அதுகளையும் முதலாளி சம்பளத்துக்கு வச்சிருக்கிறாரோ என்னவோ. கடையில பாண் வாங்கினா அரை றாத்தல் ஒராளுக்குக் கூட, கால் றாத்தல் ஆரும் விக்கிறதில்ல. அதால முதல் நாள் பாண், ரெண்டாம் நாள் பாண், மூண்டாம் நாள் செங்கல்லு. சில நாளில பின்னேரம் மட்டும் வாயத் தொறக்க வேலையே வராது. அஸருக்குத் தொழ நிக்கக்குள்ள தொண்டையக் கனைச்சுப் பாப்பார், குரல் இன்னும் உள்ளதானா எண்டு.

ஐம்பத்தெட்டு வயசு. தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கம் சிலாவத்துறையிலேருந்து இயக்கம் போகச் சொல்ல, எல்லாரையும் போல உடுத்த சாரத்தோட வெளிக்கிட்டு வந்த ஆள். பக்கத்தில பொஞ்சாதி ஹவ்வா. கிடுகுக் குடில், பொறகு தகரம், பொறகு கல்லு வீடு எண்டு இருபது வருசம் ஓடிட்டு. சண்டை முடிஞ்சு, ஊருக்குப் போகலாம் எண்டு வந்தப்ப ஹவ்வா சொன்னா:

“ரெண்டு பேரும் போனா உழைக்கிறது ஆரு? ரெண்டு பேரும் இஞ்ச இரிந்தா காணியப் பாக்கிறது ஆரு? நான் போறன். நீங்க மாசத்துக்கு ஒருக்கா வாங்க.”

அப்பதான் ரிங் கட் தொடங்கினது.

ரிங் கட் தெரியாத ஆள் இந்தக் கரையில இல்ல. ஒரு ரிங் போகவிட்டு அறுக்கிறது. காசு போகாது, செய்தி போகும். வள்ளம் கரைக்கு வந்திட்டா ஒரு ரிங், பஸ் ஏறிட்டா ஒரு ரிங். எதுக்கு என்ன கருத்து எண்டு வீட்டுக்கு வீடு வேற. லாபிர் வீட்டில நாலு மணிக்கு அவர் குடுக்கிற ஒரு ரிங் எண்டா, 'நான் இரிக்கிறன்'. அவ்வளவுதான். எடுக்கக் கூடாது, திருப்பி அடிக்கவும் கூடாது. ரிங் போனா அந்தப் பக்கமும் ஆள் இருக்கு எண்டு கருத்து.

ஏழு வருசம் ஒரு நாள் தப்பல்ல. பொறகு ஒரு நாள் ரிங் போகல்ல. போன்ல சார்ஜ் முடிஞ்சிரிக்கும் எண்டு நினைச்சிட்டு லாபிர் மோட்டர் கழட்டப் போயிட்டார். ஹவ்வா கிணத்தடியில விழுந்து, போன் தண்ணிக்குள்ள கிடந்த நேரம் அது. விடிய மருமகன் அடிச்சுச் சொன்னான். அவர் பஸ் மாறி மாறிப் போய்ச் சேரக்குள்ள ஜனாஸா எடுத்து அடக்கிட்டாங்க.

பொறகு கொஞ்ச நாள் அங்கயே இருக்கிற மகள் மர்ளியாவுக்கு நாலு மணி ரிங் குடுத்தார். அவ நல்ல பிள்ளைதான். ஆனா கைக்குழந்தைக்காரி. ரிங் அறுந்தா உடன திருப்பி அடிப்பா.

“வாப்பா, என்ன?”

“ஒண்டுமில்ல மகள். சும்மா.”

“பிள்ளைய இப்பதான் நித்திரையாக்கினன் வாப்பா. சும்மா எண்டா அடிக்காதீங்களே.”

கோவமாச் சொல்லல்ல. தொட்டில ஆட்டிக்கிட்டே சொன்ன சொல்லு. லாபிர் அடுத்த நாளிலேருந்து அடிக்கல்ல. பெருநாளைக்கு மகள் அடிப்பா, இவர் “அல்ஹம்துலில்லாஹ், நல்லம்” எண்டுவார், அது முடிஞ்சிரும்.

போன வருசம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சு ஒரு கிழமையில லாபிர் தன்ட உயிர எடுக்கப் பாத்தார். ஏன் எண்டு கேட்டா, ஒண்டெண்டாத்தானே சொல்லலாம். ரோட்டால போன மீன்காரன் கண்டு ஆஸ்பத்திரிக்கு ஏத்தினான். ஆறு நாள் வாட்டில. ஊருக்கும் மகளுக்கும் சொன்னது கேஸ்ட்ரைட்டிஸ். இப்பிடியான விசயத்த எங்கட ஆக்கள் வாயால சொல்ல மாட்டாங்க. பாவம், வயித்துலதான் பழி விழும்.

ஆறாம் நாள் ஒரு பிள்ளை கொப்பியும் கையுமா கட்டிலடிக்கு வந்தா. பேர் றிஷ்னா. புத்தளத்தில ஒரு ஆராய்ச்சிக்கு வேலை செய்றா. இப்பிடி வந்து பிழைச்சு வீட்டுக்குப் போற ஆக்களுக்கு மாசா மாசம் ஒருக்கா கோல் எடுத்துக் கதைச்சா, திரும்பவும் அந்த இடத்துக்குப் போறது குறையுமா எண்டு பாக்கிற ஆராய்ச்சி. அவ கடதாசிய நிமித்திப் பிடிச்சு வாசிக்கத் தொடங்கினா:

“கடந்த இரு வாரங்களில், அன்றாடச் செயற்பாடுகளில் ஆர்வம் அல்லது மகிழ்ச்சி குறைவாக இருப்பதாக உணர்ந்தீர்களா?”

“மகள், இது செய்தி வாசிக்கிறதா, இல்ல என்னையா கேக்கிறீங்க?”

பக்கத்துக் கட்டில்காரன் சிரிச்சிட்டான். றிஷ்னாவும் சிரிச்சிட்டு கடதாசியக் கவுத்து வச்சா. “மாமா, திரும்ப அந்த யோசனை வருதா?”

லாபிர் கூரையப் பாத்துக்கிட்டே சொன்னார். “நாள் முழுக்க இல்ல. பின்னேரம்தான் கூட. நாலு மணியத் தாண்டிட்டாப் பரவாயில்ல.”

அவ அத எழுதிட்டு, நம்பர் போட்ட ஒரு கார்ட் குடுத்தா. அவர் கேட்டது ஒண்டே ஒண்டு. “இந்தக் கார்ட்டில இரிக்கிற நம்பர் எந்த நேரமும் ரிங் போகுமா?”

“ஒம்பதிலேருந்து அஞ்சு மட்டும் நான் இரிப்பன் மாமா. ராவு எண்டா கீழ அரசாங்க நம்பர் ஒண்டு இரிக்கி, அவங்க எப்பயும் எடுப்பாங்க.”

“அஞ்சு மட்டும் காணும்.”

அடுத்த நாள் நாலு மணிக்கு ஒரு ரிங் போச்சு. அறுந்திச்சு.

றிஷ்னா பதறிப்போய் உடன திருப்பி அடிச்சா. லாபிர் அறுத்திட்டார். திரும்ப அடிச்சா, திரும்ப அறுத்தார். செய்தி போய்ச் சேந்திட்டு, இனி எதுக்குக் கதை? ரெண்டு மூணு நாள் இந்த இழுபறி நடந்தாப் பொறகுதான் பிள்ளைக்குப் பிடிபட்டிச்சு. அவட வாப்பாவும் கரைத்தீவில கடை வச்சிருந்த காலம் இப்பிடித்தானே. அதுக்குப் பொறகு அவ அடிக்கல்ல. தன்ட கொப்பியில பின்பக்கம் நாளுக்கு ஒரு புள்ளி வச்சா.

ஆனா ஆராய்ச்சிக்குப் பின்பக்கம் இல்ல. மாசத்துக்கு ஒருக்கா அவ ஒழுங்கா கோல் எடுக்கவே வேணும், அவர் ஒழுங்கா அறுப்பார். படிவத்தில மூணு கட்டம்தான்: கதைத்தார், பதில் இல்லை, மறுத்தார். முதல் மாசம் மறுத்தார். ரெண்டாம் மாசம் மறுத்தார். மூண்டாம் மாசமும் மறுத்தார். ஆராய்ச்சிய நடத்துற பெரிய டொக்டரிட்ட றிஷ்னா சொல்லித்தான் பாத்தா.

“சேர், இவர் தினமும் ரிங் கட் குடுக்கிறார்.”

“ரிங் கட் எண்டது உரையாடல் இல்லையே, பிள்ளை.” டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள், மூக்குக் கண்ணாடிய ஏத்தி ஏத்திக் கதைப்பார். “அத நாங்கள் எந்தக் கட்டத்துக்குள்ள போடுறது, சொல்லும் பாப்பம்?”

அவ 'மறுத்தார்' கட்டத்துக்குள்ளயே கோடு போட்டா. அப்பிடி, நாள் தப்பாம 'நான் இரிக்கிறன்' எண்டு சொன்ன மனுசன் ஆராய்ச்சியில மறுத்த ஆள்.

இந்தப் பக்கம் லாபிருக்கு நாள் எண்டா நாலு மணிய நோக்கி நடக்கிற நடைதான். காலையில குளத்தச் சுத்தி வருவார். பகல் நீளும். ரெண்டு மணிக்குப் பொறகு களப்புக் காத்து விழுந்து, வெயில் காஞ்ச சேத்தில வெடிப்பு வெடிப்பா நிக்கும். அந்த நேரம்தான் பொல்லாதது. மனசுக்குள்ள பழைய யோசனை வந்து கதிரைக்குப் பக்கத்தில குந்தும். அவர் போன எடுத்து நேரத்தப் பாப்பார். இன்னும் ஒண்டரை மணித்தியாலம். நாலு மணிக்கு ரிங் குடுக்க ஆள் வேணுமே, அதுக்காகவாவது இரிப்பம். இன்னும் ஒரு மணித்தியாலம். அஸர் தொழுவார். அமத்துவார். ஒரு ரிங். அறுப்பார். தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பார். ஒரு நாள் பிழைச்சிட்டு.

மாசி மாசத்தில ஒரு வியாழன், நாலு மணிக்கு அமத்தினார். ரிங் போகல்ல. ஒரு பொம்பிளை வந்து முதல்ல சிங்களத்தில அன்பாச் சொன்னா, பொறகு தமிழ்ல வாத்தியார் ஏசுற மாதிரிச் சொன்னா: “நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை.”

“நீ ஆரு?” எண்டார் லாபிர். அவ திரும்ப அதையே சொன்னா.

மூண்டு தரம் அடிச்சார். மூண்டு தரமும் அதே பொம்பிளை. இன்னொரு ஆளெண்டா என்ன நினைப்பான்? தன்னக் கைவிட்டுட்டாங்க எண்டு நினைப்பான், இல்ல போன் பழுது எண்டு நினைப்பான். லாபிருக்கு அந்த ரெண்டும் தோணவே இல்ல. ரிங் போகல்ல எண்டா அந்தப் பக்கத்து ஆளுக்கு என்னவோ நடந்திட்டு. அவருக்குத் தெரிஞ்ச கணக்கு அது ஒண்டுதான். ஒருக்கா சார்ஜ் முடிஞ்சிட்டு எண்டு நினைச்சு மோட்டர் கழட்டப் போன ஆள் அவர்.

ரெண்டு வருசத்தில முதல் முறையா வேலை நேரத்தில கேட்டப் பூட்டிட்டு ரோட்டுக்கு ஓடினார். பஸ் கொண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு, “பின்னால போங்க, பின்னால போங்க, பின்னால ஒரு நாடே காலியாக் கிடக்கு!” எண்டான். ஒரு கால் வைக்க இடம் இல்ல.

“தம்பி, அஞ்சு மணிக்கு முந்திப் புத்தளம் போகுமா?”

“டிரைவர் நாநா வழியில கலியாணம் முடிக்காட்டிப் போகும்.”

சனம் சிரிச்சிச்சு. லாபிர் சிரிக்கல்ல. கம்பியப் பிடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு தரிப்பிலயும் ஏறி இறங்கிற ஆக்களக் கண்ணால தள்ளிக்கொண்டு நிண்டார்.

கார்ட்டில விலாசம் போட்டிரிந்த ஒபிஸுக்குப் போகக்குள்ள அஞ்சு அடிச்சு பத்து நிமிசம். கேட்டடியில ஒரு பிள்ளை குடையும் பையுமா வெளிய வந்தா. லாபிர் மூச்சு வாங்கி வாங்கி நிண்டு அவட முகத்தப் பாத்தார். அதே பிள்ளைதான். கொஞ்சம் மெலிஞ்சு.

“மகள்... உங்களுக்கு ஒண்டும் இல்லையே?”

அவளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்திச்சு. “லாபிர் மாமா!”

“ரிங் போகல்ல. நான் பயந்திட்டன். சுகம்தானே?”

றிஷ்னா அறுபது பேரிட்ட சுகம் கேக்கிறவ. தன்னட்ட ஒராள் பஸ் ஏறி வந்து கேப்பார் எண்டு அவ நினைக்கவே இல்ல. கேட்டடியில நிண்டே அழுதிட்டா. பொறகு உள்ள கூட்டிப் போய்க் கதிரையில இருத்தி, தண்ணி குடுத்து, உண்மையச் சொன்னா. ஒபிஸுக்குப் புது நம்பர் வந்திட்டு. எல்லாருக்கும் அறிவிச்சாங்க. ஆனா மறுத்த ஆக்களுக்கு அறிவிக்கிறதில்ல எண்டு விதி.

“நான் மறுத்தனா? எப்ப?”

அவ கொப்பியத் திருப்பிப் பின்பக்கத்தக் காட்டினா. பக்கம் பக்கமாப் புள்ளி. “இது ஒபிஸுக்கு இல்ல மாமா, எனக்கு. உங்களுக்குச் சொல்லவா எண்டு மேல கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தன். எழுத்தில அனுமதி வரட்டும் எண்டாங்க. அதுக்குள்ள நானே வந்திரிக்க வேணும். என்ட பிழை.”

லாபிர் புள்ளிகள விரலால தடவிப் பாத்தார். அவ புது நம்பர எழுதிக் குடுத்தா.

“மாமா, இன்னொண்டும் சொல்லோணும். பங்குனியோட ஆராய்ச்சி முடியிது. பொறகு இந்த நம்பரும் இரிக்காது. ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் ஒண்டு இரிக்கி, செவ்வாய்க்கிழமை. முதல் நாள் நான் கூட்டிப் போறன். ஆனா நாலு மணிக்கு... வேற ஆருக்கு ரிங் குடுக்கலாம்?”

“ஆரும் இல்ல.”

அவ அவருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தினா.

“மகள் ஒண்டு இரிக்கி,” எண்டார் லாபிர் கடைசியா. “அவளுக்கு ஒண்டும் தெரியாது. கேஸ்ட்ரைட்டிஸ் எண்டு சொல்லி வச்சிரிக்கிறன்.”

“தெரிஞ்சா என்ன செய்வா?”

“தெரியல்ல.”

பஸ் ஸ்டேண்டுக்கு அவர் தனிய நடந்தார். கரைத்தீவு பஸ் வர நேரம் கிடந்திச்சு. சனம் சாமான் பையோட, பிள்ளைகளோட, ஆளுக்காள் கத்திக் கதைச்சுக்கொண்டு நிண்டிச்சு. அவர் தூணோட ஒதுங்கி நிண்டு போன எடுத்தார். மர்ளியாட நம்பர் மனப்பாடம்; விரல் தானாப் போச்சு.

ஒரு ரிங். பெருவிரல் பழக்கத்துக்குச் சிவப்புப் பட்டனுக்கு மேல போய் நிண்டிச்சு.

ரெண்டு ரிங்.

மூண்டு. நாலு. விரல எடுத்து சாரத்தில துடைச்சார்.

“வாப்பா?” மர்ளியாட குரல், ஓடி வந்த குரல். “வாப்பா, என்ன நடந்த? அறுக்காம விட்டுட்டீங்க?”

லாபிர் தொண்டையக் கனைச்சார். “பிள்ளை நித்திரையா?”

“அவன் முழிச்சிரிந்தா என்ன, நித்திரையா இரிந்தா என்ன! சொல்லுங்க வாப்பா.”

“சும்மா இல்ல மகள்,” எண்டார் லாபிர். “இந்தத் தரம் சும்மா இல்ல. கொஞ்சம் இரிந்து கேக்கிறியா?”

அங்கால கதிரை இழுபடுற சத்தம் கேட்டிச்சு. கரைத்தீவு பஸ் வந்து, ஆக்கள ஏத்திக்கிட்டுப் போச்சு. அவர் ஏறல்ல.